மாநாட்டுப் பேச்சை வானொலிக்குக் கொண்டுபோவது எப்படி?

வறுமை, குடிநீர், வேளாண்மை, தாய்சேய் நலம், காலநிலை மாற்றம் என்று ஏதாவது ஒன்றைப் பற்றி உலகில் எங்காவது ஓர் அரங்கில் மாநாடு நடந்துகொண்டேதான் இருக்கிறது. மேடையில் ஐந்தாறு பேர், எதிரே சில நூறு பேர். பேச்செல்லாம் பெரும்பாலும் அந்த அரங்கில் இல்லாதவர்களைப் பற்றியது. சிறு விவசாயி என்ன விதைக்க வேண்டும், மீனவர் எந்த வலையை விட வேண்டும், கிராமத்துச் செவிலியருக்கு என்ன பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் அங்கே முடிவாகிறது. பிறகு ஓர் அறிக்கை இணையத்தில் ஏறும். அடுத்த மாநாட்டுக்குத் தயாராகிறவர்கள் அதைப் படிப்பார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது.

இந்தப் பேச்சை அரங்குக்கு வெளியே எடுத்துச்செல்ல வானொலியைப் பயன்படுத்துவது பழைய வழக்கம்தான். ஆனால் முதன்முதலில் இதில் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். அரங்கில் ஒரு மைக்கை வைத்து, நடப்பதை அப்படியே ஒலிபரப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அது ஏன் சரிப்படாது, எது சரிப்படும் என்று பார்ப்போம். தொண்டு நிறுவனத்தில் தகவல் தொடர்பைக் கவனிக்கிறவர், சமுதாய வானொலியில் புதிதாகச் சேர்ந்த தயாரிப்பாளர், மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர் ஆகிய மூவரையும் மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வீடியோ நேரலை இருக்கும்போது வானொலி எதற்கு?

நியாயமான கேள்வி. நேரலையைப் பார்க்க நல்ல இணைப்பு வேண்டும், டேட்டாவுக்குப் பணம் வேண்டும், வேலையை விட்டுவிட்டுத் திரையின் முன் உட்கார வேண்டும். வானொலிக்கு இவை எதுவும் தேவையில்லை. படிக்கத் தெரியாதவரும் கேட்கலாம். களை பறித்துக்கொண்டே, வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கலாம். 1954-ல் டிரான்சிஸ்டர் வானொலி கடைக்கு வந்த பிறகு மின் இணைப்பு இல்லாத வீட்டுக்கும் அது போய்ச் சேர்ந்தது. புயலடித்துச் செல்பேசிக் கோபுரங்கள் சாயும் நாளிலும் பேட்டரியில் ஓடும் பெட்டி பேசிக்கொண்டிருக்கும்.

இதைவிடப் பெரிய காரணம் மொழி. ஐ.நா. அவையின் அலுவல் மொழிகள் 6. உலகில் பேசப்படும் மொழிகளோ பல ஆயிரம். பெரிய மாநாட்டில் மொழிபெயர்ப்பு வசதி இருந்தாலும் அது அந்த 6 மொழிகளோடு நின்றுவிடும். 15 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மட்டும் கேட்கும் ஒரு சின்ன எஃப்.எம். நிலையம், தன் நேயர்கள் வீட்டில் பேசும் மொழியில், அவர்களுக்குப் பழகிய குரலில் பேசுகிறது. இந்த வசதி வேறு எந்த ஊடகத்துக்கும் எளிதில் கிடைக்காது.

குறைகளும் உண்டு. வானொலியில் படம் காட்ட முடியாது. வரைபடத்தைக் காட்டி ‘இதோ இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்கள்’ என்று பேச்சாளர் சொல்லும்போது நேயர் எதைப் பார்ப்பார்? ஒரு வாக்கியம் புரியவில்லையென்றால் திரும்பப் போய்க் கேட்கவும் வழியில்லை.

அப்படியே ஒலிபரப்பினால் என்ன ஆகும்?

மேடையில் ஒருவர் 20 நிமிடம் கட்டுரை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்குச் சுமார் 125 சொல். ஆக மொத்தம் 2,500 சொல், அத்தனையும் படிப்பதற்காக எழுதியவை. நீளமான வாக்கியங்கள், சுருக்கப் பெயர்கள், ‘முந்தைய அமர்வில் குறிப்பிட்டபடி’ போன்ற உள்குறிப்புகள். அரங்கில் இருப்பவர் கையில் நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, எதிரே திரை இருக்கிறது, போதாததற்குப் பாதியில் தூங்கவும் அனுமதி இருக்கிறது. வானொலி நேயருக்கு ஒரே ஒரு வசதிதான்: நிலையத்தை மாற்றுவது. அதை அவர் இரண்டாவது நிமிடமே செய்துவிடுவார்.

வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஏற்பாட்டாளர்கள் ஒலிபரப்ப வேண்டும் என்று மிகவும் ஆசைப்படுவது இவற்றைத்தான். நேயருக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை.

அதனால் தயாரிப்பாளர் செய்ய வேண்டியது, அரங்கில் ஓடும் பல கேள்விகளில் தன் நேயருக்கு நேராகச் சம்பந்தப்பட்ட ஒன்றைப் பிடித்துக்கொள்வது. அந்த ஒன்றை மட்டும் வெளியே கொண்டுவந்து, நேயரின் பதிலை அரங்குக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது பாதி இல்லாவிட்டால் அது வெறும் செய்தி ஒலிபரப்பாகவே நின்றுவிடும். இதை அன்றே செய்துகாட்டியவர்கள் விவசாயிகள்தான்.

கனடாவும் புணேயும்

கனடாவில் 1941-ல் தொடங்கி 1965 வரை ‘தேசியப் பண்ணை வானொலி மன்றம்’ என்ற நிகழ்ச்சி நடந்தது. திங்கள் இரவுகளில் அக்கம்பக்கத்து விவசாயிகள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவார்கள். அந்த வாரத் தலைப்பைப் பற்றிய சிறு வழிகாட்டிப் பிரதி முன்கூட்டியே தபாலில் வந்திருக்கும். நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, கொடுத்திருக்கும் கேள்விகளை வைத்துப் பேசி, தங்கள் முடிவை எழுதி அனுப்புவார்கள். வந்து சேர்ந்த கருத்துகளின் சாரம் பின்னர் அதே நிகழ்ச்சியில் ஒலிக்கும். ‘படி, கேள், விவாதி, செயல்படு’ என்பது அவர்களுடைய முழக்கம். ஒலிபரப்பு மட்டும் போதாது, கேட்டபின் உட்கார்ந்து பேச ஒரு கூட்டமும், பேசியதை அனுப்ப ஒரு முகவரியும் வேண்டும் என்பதை அவர்கள் அப்போதே புரிந்துகொண்டிருந்தார்கள்.

இந்த முறையை 1956-ல் யுனெஸ்கோவும் அகில இந்திய வானொலியும் சேர்ந்து புணே நிலையத்திலிருந்து சோதித்துப் பார்த்தன. அப்போதைய பம்பாய் மாநிலத்தில் மராத்தி பேசும் 5 மாவட்டங்களில் 150 கிராமங்கள். வாரம் இரு முறை அரை மணி நேரமாக மொத்தம் 20 நிகழ்ச்சிகள். ஒவ்வொரு கிராமத்திலும் சுமார் 20 பேர் கொண்ட ஒரு மன்றம். ஒருவர் கூட்டத்தை நடத்துவார், இன்னொருவர் பேசியதைக் குறித்து நிலையத்துக்கு அனுப்புவார்.

இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது அதை மதிப்பிட்ட விதம். மன்றம் இருந்த கிராமங்களை, வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களோடும், பெட்டியே இல்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டார்கள். மன்றம் இருந்த இடங்களில் விஷயம் தெரிந்தவர்களின் அளவு மிகத் தெளிவாகக் கூடியிருந்தது. பெட்டி மட்டும் இருந்த கிராமங்களில் அப்படி நடக்கவில்லை. வானொலியில் சொல்லிவிட்டோம், மக்களுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இந்த முடிவைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

மாநாட்டு வாக்கியம் ஒன்றை வானொலி வாக்கியமாக்குவோம்

காலநிலை மாநாடு ஒன்றின் அறிக்கையில் இப்படி ஒரு வரி வரும்: ‘இழப்பு மற்றும் சேதத்துக்கான நிதியத்தின் செயற்பாட்டு ஏற்பாடுகள் குறித்து உறுப்பு நாடுகள் இணக்கம் கண்டன.’ இதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் இதைக் கேட்டு யாரும் காதைத் தீட்டிக்கொள்ளப் போவதில்லை.

வானொலியில் இப்படித் தொடங்கலாம்: ‘புயலில் வீடு போய்விட்டது. கடல்நீர் புகுந்து வயல் உப்பாகிவிட்டது. புயல்கள் இவ்வளவு மூர்க்கமாக ஆனதற்குக் காரணமான புகையை அதிகம் விட்டவை வேறு நாடுகள். அப்படியானால் மறுபடி எழுந்து நிற்கப் பணம் யார் தருவது? பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு, இதற்கென்று தனி நிதியம் ஒன்றை ஏற்படுத்த 2022-ல் எகிப்தில் கூடிய நாடுகள் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே அதைச் செயல்படுத்த முடிவானது. அந்தப் பணம் ஒரு குடும்பத்தின் கைக்கு வந்துசேருமா, எந்த வழியாக வரும் என்று அங்கே இருந்த ஒருவரிடம் கேட்டோம்.’

சொல்ல வந்தது அதேதான். ஆனால் இங்கே முதலில் பாதிக்கப்பட்டவர் வருகிறார், பிறகு கேள்வி, அதன் பிறகுதான் மாநாடு. அறிக்கையில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. எளிமையாக்கும் வேகத்தில் ‘நஷ்டஈடு தர ஒப்புக்கொண்டார்கள்’ என்று எழுதிவிடக் கூடாது. இழப்பு, சேதம் பற்றிய பிரிவு எந்த நாட்டுக்கும் சட்டப் பொறுப்பையோ நஷ்டஈட்டுக் கடமையையோ உண்டாக்காது என்று 2015 பாரிஸ் மாநாட்டு முடிவிலேயே பணக்கார நாடுகள் எழுதி வாங்கியிருக்கின்றன. அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இத்தனை ஆண்டு சண்டை. எளிமைக்காக அதை விட்டால் நேயருக்கு நாம் பொய் சொன்னதாகிவிடும். அதனால் எழுதிய பிரதியை ஒலிப்பதிவுக்கு முன் விஷயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் வார்த்தைகளைத் திரும்பக் கடினமாக்கப் பார்ப்பார். அதற்கு இடம் கொடுக்காமல், பொருள் பிசகிய இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள்.

எண்கள் இன்னொரு தொல்லை. 2009-ல் கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் வாக்குறுதி தந்தன. 2024-ல் பாகு மாநாட்டில் அது 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்று ஆனது. படிக்கும்போது இது புரிகிறது. காதால் கேட்டால் மூன்றாவது எண் வருவதற்குள் முதல் எண் மறந்துவிடும். ‘முன்பு சொன்னதைப்போல் மூன்று மடங்கு தருவதாகச் சொல்கிறார்கள், முன்பு சொன்னதையே இரண்டு ஆண்டு தாமதமாகத்தான் எட்டினார்கள்’ என்றால் நிற்கும். ஒரு நிகழ்ச்சிக்கு நேயர் நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றோ இரண்டோ இருந்தால் போதும்.

அரங்கில் ஒலிப்பதிவு

போவதற்கு முன்பே ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்த அமர்வைப் பதிவு செய்யலாம்? சில அமர்வுகள் ‘சாத்தம் ஹவுஸ் விதி’யின்படி நடக்கும். 1927-ல் லண்டனில் உருவான விதி இது. அங்கே கேட்ட தகவலைப் பயன்படுத்தலாம். யார் சொன்னார் என்று வெளியிடக் கூடாது. குரலே அடையாளம் என்பதால் அத்தகைய அமர்வின் ஒலியை நாம் தொடவே முடியாது. வெளியே வந்தபின், விருப்பமுள்ளவரிடம் தனியாகப் பேட்டி எடுக்கலாம்.

மேடைப் பேச்சைப் பதிவு செய்ய, பேச்சாளரின் முன்னால் இன்னொரு மைக்கை நீட்டுவதைவிட, அரங்கின் ஒலி மிக்சரிலிருந்து ஒரு கம்பி இழுத்து ரெக்கார்டரில் சேர்ப்பது மேல். ஒலி ஏற்பாட்டைக் கவனிப்பவரிடம் காலையிலேயே சிநேகமாகப் பேசி வைத்துக்கொண்டால் அன்றைய பாதி வேலை முடிந்த மாதிரி. உடனடி மொழிபெயர்ப்பு நடக்கும் அரங்கு என்றால் எந்தத் தடத்திலிருந்து ஒலி வருகிறது என்று ஹெட்போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேச்சாளரின் சொந்தக் குரல் வரும் தடமே வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் குரலைப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்தவர்கள் நிறைய.

ஆனால் நல்ல சரக்கு கிடைப்பது அரங்குக்கு வெளியே. 1995-ல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் அரசுப் பிரதிநிதிகள் நகரத்தில் கூடினார்கள். தன்னார்வ அமைப்புகளின் மன்றம் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி ஹுவாய்ரோவில் நடந்தது. கோஸ்டாரிகாவிலிருந்து 1991 முதல் சிற்றலையில் ஒலிபரப்பிவந்த ‘ஃபயர்’ என்ற பெண்ணிய வானொலிக் குழு அந்த மாநாட்டுக்கும் போய் ஒலிபரப்பியது. எந்தக் கூட்டத்திலும் மேடையில் அளந்து பேசுகிறவர் தேநீர் இடைவேளையில் மனம் திறப்பார். ரெக்கார்டரோடு அங்கே நில்லுங்கள்.

பேட்டிக்கு ஏசி இரைச்சல் இல்லாத மூலையைத் தேடுங்கள். மைக்கை அவர் கையில் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அவர் சொற்பொழிவு தொடங்கிவிடுவார். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நீங்களே பிடியுங்கள். முதலில் பெயரையும் பொறுப்பையும் அவர் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். பிறகு, ‘இன்றைக்குப் பேசியதில் ஒரு சிறு விவசாயிக்குத் தெரிய வேண்டியது எது?’ என்று கேளுங்கள். பதில் எப்படியும் ‘பங்கேற்பு அணுகுமுறை’, ‘ஒருங்கிணைந்த உத்தி’ என்றுதான் தொடங்கும். குறுக்கிடாமல் முடிக்க விட்டு, ‘சரி, அதனால் அவருக்கு நாளைக் காலையில் என்ன மாறும்?’ என்று கேளுங்கள். இரண்டாவது பதில்தான் ஒலிபரப்புக்குரியது. சிலருக்கு அந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. அதுவும் ஒரு செய்திதான். எடிட்டிங்கில் அந்தத் தயக்கத்தை வெட்டிவிடாதீர்கள்.

கிளம்புவதற்கு முன், யாரும் பேசாமல் அந்த இடத்தின் ஒலியை மட்டும் அரை நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் வெட்டி ஒட்டும் இடங்களை மறைக்க அது உதவும். வேற்று மொழிப் பேட்டி என்றால், அவர் குரலை முதல் மூன்று நான்கு விநாடி தெளிவாகக் கேட்க விட்டு, பிறகு தணித்து, அதன் மேல் மொழிபெயர்ப்பை வாசிக்க வேண்டும். பெண் பேசியதைப் பெண் குரலிலும், முதியவர் பேசியதை முதிர்ந்த குரலிலும் வாசிப்பது நல்லது.

எந்த வடிவத்தில் தருவது?

ஐந்து முதல் ஏழு நிமிடத் தொகுப்பு எங்கும் செல்லும். நாடகம் நன்றாகச் செய்தால் பிரமாதம், சுமாராகச் செய்தால் தண்டனை. என் தேர்வு ஸ்டுடியோ உரையாடல். மாநாட்டுக்குப் போய்வந்தவரை ஒரு பக்கம் உட்கார வையுங்கள். எதிர்ப்பக்கம் அந்தத் துறையில் அன்றாடம் கஷ்டப்படும் ஒருவரை, அதுவும் எதையும் எளிதில் நம்பாத ஒருவரை உட்கார வையுங்கள். அப்புறம் தொகுப்பாளர் வாயை மூடிக்கொண்டு கவனித்தாலே போதும்.

ஒரு மாநாட்டைப் பல நிலையங்களுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், முடித்த நிகழ்ச்சியை அனுப்புவதைவிட எழுத்துப் பிரதியையும் வெட்டாத பேட்டித் துண்டுகளையும் அனுப்புங்கள். கனடாவின் வேளாண் ஒலிபரப்பாளர் ஜார்ஜ் அட்கின்ஸ் 1979-ல் தொடங்கிய பண்ணை வானொலி வலையமைப்பு இந்த வழியில்தான் வளர்ந்தது. பிரதிகள் ஓரிடத்தில் தயாராகும். ஒவ்வொரு நிலையமும் தன் மொழியில் மாற்றி, தன் குரலில், தன் நேயருக்கு ஏற்றபடி வாசித்துக்கொள்ளும்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியாவில் சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது. வேளாண்மை, சுகாதாரம், கல்வி போன்ற வளர்ச்சித் தலைப்புகளில் நிகழ்ச்சி செய்யத் தடையில்லை. மாநாட்டு நிகழ்ச்சியை எந்த வகையில் சேர்ப்பது என்று நிலையத்தாரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். பணம் தரும் அமைப்பே மாநாட்டையும் நடத்துகிறது என்றால், விமர்சனக் குரல் நிகழ்ச்சியில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதை வாய்ப்பேச்சில் விட்டால் கடைசி நேரத்தில் தலைவரின் வாழ்த்துரைதான் மிஞ்சும்.

பதில் திரும்பிப் போகும் வழி

மாநாடு முடிந்தபின் ஒலிபரப்பினால் நேயர் சொல்வதை எந்த அரங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அதனால் வேலை மாநாட்டுக்கு முன்பே தொடங்க வேண்டும். 2021-ல் ஐ.நா.வின் உணவு அமைப்புகள் உச்சி மாநாட்டுக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் இப்படிச் செய்தார்கள். வானொலியில் தலைப்பை விளக்கிக் கேள்வி கேட்பார்கள். நேயர்கள் செல்பேசியில் அழைத்துத் தங்கள் பதிலைப் பதிவு செய்வார்கள். கிராமத்து மக்களின் கருத்து மாநாட்டுக்குப் போனது இந்த வழியில்.

இதற்குத் தேவையான தொழில்நுட்பம் சிக்கலானது இல்லை. நேயர் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். கணினி அவரைத் திரும்ப அழைக்கிறது. பதிவு செய்த குரல் கேள்வியைச் சொல்லி, ‘ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2, உங்கள் கருத்தைச் சொல்ல 3’ என்கிறது. அழைப்புச் செலவு நிலையத்தைச் சேரும் என்பதால் கையில் காசில்லாதவரும் பேசலாம். ஆனால் பல வீடுகளில் செல்பேசி ஆண்களின் கையில் இருக்கும். வரும் குரல்களில் பெண்கள் எத்தனை பேர் என்று முதல் நாளிலிருந்தே எண்ணுங்கள். குறைந்தால் பெண்களுக்கென்று தனி எண், தனி நேரம் ஒதுக்கலாம். பெண்கள் குழுக்களை நேரில் போய்ப் பதிவு செய்யலாம்.

வந்த குரல்களை ஏற்பாட்டாளர்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் போட்டு மூடப் பார்ப்பார்கள். நிகழ்ச்சி நிரலிலேயே பத்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அமர்வின் தொடக்கத்தில் மூன்று நேயர்களின் குரலை, அவர்கள் சம்மதத்தோடு, அரங்கின் ஒலிபெருக்கியில் போடுங்கள். முதல் பேச்சாளர் அந்தக் குரல்களுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் தன் கட்டுரைக்குப் போக வேண்டும் என்று அமர்வுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்தப் பதிலைப் பதிவு செய்து அடுத்த வாரமே ஒலிபரப்பினால், அழைத்தவருக்கு மறுபடி அழைக்கத் தோன்றும்.

முதல் முயற்சி என்றால் மாநாடு முழுவதையும் கட்டி இழுக்க வேண்டாம். ஓர் அமர்வு, ஒரு கேள்வி, ஒரு நிலையம். அரங்கு கூடுவதற்கு இரண்டு வாரம் முன்பு கேள்வியை விளக்கும் ஏழு நிமிட நிகழ்ச்சி; அது நேயருக்குத் தோதான நேரத்தில், வாரத்தில் இரண்டு முறை. அந்த இரண்டு வாரமும் பதில் சொல்லும் எண் திறந்திருக்க வேண்டும். முடிந்தால் நான்கைந்து இடங்களில் சேர்ந்து கேட்கும் குழு. அமர்வில் குரல்களை ஒலிக்கவிட்டு, கிடைக்கும் பதிலோடு இரண்டாவது நிகழ்ச்சி. எத்தனை அழைப்பு வந்தது என்பதை மட்டும் எண்ணி நிறுத்திவிடாமல், குழுவாகக் கேட்டவர்களில் சிலரையும் தனியாகக் கேட்டவர்களில் சிலரையும் சந்தித்து, அந்த விஷயத்தில் அவர்களுக்கு இப்போது என்ன தெரியும் என்று விசாரியுங்கள். புணேயில் 1956-ல் செய்ததைச் சின்ன அளவில் செய்துபார்க்க ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு நாளும் போதும்.